அணி என்று யாரைச் சொல்கிறீர்கள்? மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி அமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் ஆண்டுதோறும் வயது வந்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டியை நடத்திவரும் அமைப்புக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்களுக்கு,

இந்த ஆண்டு விதிமுறைத் தாளில் நீங்கள் புதிதாகச் சேர்த்த ஒரு பத்தியைப் பற்றித்தான் இந்த மடல். நால்வர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் ரிலே பந்தயங்களில் கலந்துகொள்ளவும் அணிகளின் புள்ளிப் பட்டியலில் இடம்பெறவும் வேண்டுமானால், பதிவு பெற்ற ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தக் கிளப்புக்குச் சொந்தக் குளமோ, குளத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தச் சான்றோ இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. அப்படி இல்லாதவர்கள் 'தனிநபர்' என்ற தலைப்பின் கீழ் தனிப் பந்தயங்களில் மட்டும் கலந்துகொள்ளலாம். மாநகராட்சிக் குளத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து பயிற்சி செய்துவரும் நாங்கள், அந்த ஒரு பத்தியால், அணியே இல்லாதவர்கள் ஆகிவிட்டோம். எங்கள் ரிலே விண்ணப்பங்கள் அனைத்தும் திரும்பி வந்தன. நேரில் வந்து கேட்டபோது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். எழுத்தில் கொடுத்த முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை. போட்டி முடிந்து, கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கான தாள் அச்சுக்குப் போகும் முன் இதைப் பொதுவில் பேசிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் யார் என்பதை முதலில் சொல்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் போட்டிக்கென நீந்தத் தொடங்கியவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர். தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. ஒருவர் பம்புசெட் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்றவர். இன்னொருவர் காவிரியின் கிளை வாய்க்காலில். வேறொருவர் ஊர்க் கோயில் குளத்தில். தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு கையை அகல வீசி நீந்துகிற அந்தப் பழக்கத்தை மாற்றி, மூச்சைப் பக்கவாட்டில் எடுக்கவும், சுவரில் சுருண்டு திரும்பவும் கற்றுக்கொள்ள எங்களுக்கு நெடுநாள் பிடித்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் சம்பளம் வாங்கும் கோச் யாரும் கிடையாது. முன்பே கற்றவர் பின்னால் வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வேகமானவர்களுக்கு ஒரு லேன், மெதுவாக நீந்துகிறவர்களுக்கு ஒரு லேன் என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். ஸ்டாப்வாட்ச் ஒருவருடையது, கிக் போர்டுகள் எல்லோரும் பங்கு போட்டு வாங்கியவை. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசி போகும். எங்களில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் இந்த பேட்ச்காரர்கள்தான். மருத்துவர் அனுமதித்த பிறகு அவர் மீண்டும் தண்ணீரில் இறங்கிய காலையில், பக்கத்து லேனில் இருவர் அவருடைய வேகத்துக்கே நீந்தினார்கள்.

இதற்குப் பதிவுச் சான்றிதழ் இல்லை. இருப்பது ஒரு நீள நோட்டு. குளத்துப் பொறுப்பாளர் மேசையில் கிடக்கும் அது. ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓரங்கள் உப்பி, பால்பாயிண்ட் மை ஆங்காங்கே நீலமாகக் கரைந்திருக்கும். யார் எந்த நாள், எந்த பேட்ச்சில் நீந்தினார்கள் என்பது அதில் இருக்கிறது. அதன் நகல்களையும் மாதக் கட்டண ரசீதுகளையும் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தோம். உங்கள் அலுவலகத்தில் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒப்பந்தச் சான்று எங்கே என்று மட்டும் கேட்டார்கள். மாநகராட்சி எங்களுக்கு எப்படி ஒப்பந்தம் தரும்? அது பொதுக் குளம். கட்டணம் செலுத்துகிற எவருக்கும் அது திறந்திருக்கும். எந்தக் கூட்டத்துக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆக, பொதுக் குளத்தில் நீந்துகிற யாரும் நிறைவேற்றவே முடியாத நிபந்தனை ஒன்றை விதியாக்கியிருக்கிறீர்கள்.

இதனால் எதை இழந்தோம் என்பது ரிலே நீந்தியவர்களுக்குத் தெரியும். உங்களில் பலர் ஒரு காலத்தில் நீந்தியவர்கள்தான். ஆகவே ஒரே ஒரு ரிலேயை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

கலப்பு மெட்லி ரிலே: நால்வர், ஆளுக்கொரு நீச்சல் பாணி, ஆளுக்கு 50 மீட்டர். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஒலிம்பிக் நீச்சலில் கலப்பு ரிலே முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில், 2021இல்தான். மாஸ்டர்ஸ் நீச்சலில் அது அதற்கு வெகு முன்பிருந்தே உண்டு. எங்கள் அணியில் முதலில் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்த நீச்சல், நீந்த வேண்டியவர் 68 வயதான, ஓய்வுபெற்ற செவிலியர். முழங்கால் தேய்மானத்தால் அவரால் பிளாக் எனும் குளத்தோர மேடையிலிருந்து குதிக்க முடியாது. மெட்லி ரிலேயில் பேக்ஸ்ட்ரோக்தான் முதலில் வரும், அதைத் தண்ணீருக்குள் இருந்தபடியே தொடங்கலாம் என்பதால் அந்த இடம் அவருக்கென்றே அமைந்தது. அவருக்குப் பின் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துபவர் 47 வயது பட்டறைக்காரர். பட்டர்ஃபிளைக்கு 34 வயது பள்ளி ஆசிரியை. கடைசியில் ஃபிரீஸ்டைல், 58 வயதான நான். நான்கு வயதையும் கூட்டினால் 207. உலகப் போட்டிகளில் பின்பற்றும் முறைப்படி 200 முதல் 239 வரையிலான பிரிவில் வருவோம். நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு வகுக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மூத்தவர் ஒருவர் சேர்ந்தால் அணிக்குச் சுமை என்ற எண்ணத்தை இது துடைத்துவிடுகிறது; அவருடைய வயதே அணிக்குப் பலமாகிறது.

எங்கள் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேட்ச்சும் சேர்ந்து ரிலே பழகப் பொறுப்பாளர் இடம் கொடுத்தார். ரிலேயில் முன்னவரின் கை சுவரைத் தொடும் முன் அடுத்தவரின் கால் பிளாக்கை விட்டுவிட்டால் அணி முழுவதும் தகுதி நீக்கம். காத்திருந்து தொட்ட பிறகு குதித்தாலோ நேரம் வீணாகும். பேக்ஸ்ட்ரோக் நீந்துகிறவருக்குச் சுவர் தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் மேலே தொங்கும் கொடிகளைப் பார்த்துத்தான் கணக்கு வைத்துக்கொள்வார். அந்தக் கொடிகளைத் தாண்டியதும் செவிலியர் அம்மாவின் கை எத்தனை முறை சுழன்று சுவரைத் தொடும், களைத்திருக்கும் நாளில் ஒரு சுழற்சி கூடுமா என்பதைப் பட்டறைக்காரர் பிளாக்கின் மேல் குனிந்து நின்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். கடைசிச் சுழற்சிக்கு முன் அவருடைய குதிகால் மெல்ல எழும். தொடுகையும் குதிப்பும் ஒன்றாக நிகழும். இது ஒரு வாரத்தில் வராது. ஒருவர் உடம்பை இன்னொருவர் நாள்தோறும் பார்த்துப் பழகினால்தான் வரும். இப்படிப் பழகிய நால்வரைத்தான் 'தனிநபர்கள்' என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள்.

தனிப் பந்தயத்தில் அந்த அம்மா நீந்தினாரே, அது போதாதா என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். போதாது. 65 முதல் 69 வயது வரையிலான பெண்கள் பிரிவில் அன்று பேக்ஸ்ட்ரோக்கில் நீந்தியது அவர் ஒருவர்தான். தனியாக நீந்தி, தனியாகப் பதக்கம் வாங்கிக்கொண்டு இறங்கினார். நம் ஊரில் அந்த வயதுப் பெண்கள் போட்டிக்கு வருவதே அரிது. அவர்களுக்கு எதிர் லேனில் ஆள் இருக்கிற ஒரே பந்தயம் ரிலேதான். அதையும் எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அவர் எதற்காக வர வேண்டும்?

இந்த ஆண்டு அணிக் கோப்பையை வென்றவர்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நல்ல நீச்சல்காரர்கள், நேர்மையாக நீந்தினார்கள். ஆனால் ரிலேக்கு வரிசையில் நின்றபோது, அவர்களில் இருவர் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொண்டதை அருகில் நின்ற நாங்கள் பார்த்தோம். ஒருவர் வேறு மாவட்டத்தில் வசிப்பவர், இன்னொருவர் பெங்களூருவில் வேலை பார்ப்பவர். கிளப்பின் உறுப்பினர் அட்டை இருவரிடமும் இருந்தது. அந்தக் கிளப்பின் குளத்தில் அதுவரை இறங்கியதில்லை என்று அவர்களே சொன்னார்கள். அவர்கள் விதியை மீறவில்லை. உங்கள் விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதும் ஒரே அடுப்பில் சமைத்து உண்பதும் வேறு வேறு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கார்டை மட்டும் பார்த்தீர்கள்.

சர்வதேச விதியைத்தான் பின்பற்றுகிறோம் என்றும் சொன்னீர்கள். அந்த விதியை நானும் படித்திருக்கிறேன். ரிலே நால்வரும் ஒரே கிளப்பில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும், ஒருவர் ஒரு கிளப்புக்கு மேல் நீந்தக்கூடாது என்பது உண்மை. ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: மாஸ்டர்ஸ் நீச்சலில் எவரும் ஒரு நாட்டின் பெயரிலோ தேசிய சம்மேளனத்தின் பெயரிலோ நீந்த முடியாது. 1986இல் டோக்கியோவில் தொடங்கி 2025இல் சிங்கப்பூர் வரை நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டிகளில் தேசிய அணி என்று ஒன்று கிடையாது. ஒலிம்பிக்கில் நீந்திய ஒருவர் வந்தாலும் தன் கிளப்பின் பெயரில்தான் நீந்த வேண்டும். இதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: வயது வந்தவர்களின் நீச்சலில் அணி என்பது தேர்வுக் குழு உட்கார்ந்து பொறுக்கி எடுப்பது அல்ல, ஒன்றாகக் கூடி நீந்துகிறவர்களின் சிறு வட்டம். அந்த வட்டத்துக்குச் சொந்தக் குளம் வேண்டும் என்பது நீங்களாகச் சேர்த்தது.

அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். 1970இல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் அவர்களுடைய முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர். போட்டி என்று ஒன்று இருந்தால் வயது வந்தவர்கள் பயிற்சியை விடாமல் செய்வார்கள், உடல்நலம் தேறும் என்பதே அவருடைய எண்ணம். இயக்கம் வளர்ந்தபோது அங்கே இரண்டு வகைக் கிளப்புகள் உருவாயின. ஒரே குளத்தில், ஒரே பயிற்சியாளரிடம் நீந்துகிற உள்ளூர்க் கிளப்புகள் ஒரு வகை. நியூ இங்கிலாந்து மாஸ்டர்ஸ், ஒரேகான் மாஸ்டர்ஸ் போல ஒரு வட்டாரத்தையே தழுவி, பல ஊர்களில் உள்ள பயிற்சிக் குழுக்களை ஒரே பெயரின் கீழ் சேர்த்துக்கொள்கிற பெரிய கிளப்புகள் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டால் சிறிய கிளப்புக்கு வாய்ப்பே இல்லை. வட்டாரக் கிளப்பைக் கலைத்துவிட்டாலோ, சிற்றூரில் தனியாக நீந்துகிறவருக்கு ரிலேயில் இடமே இல்லாமல் போகும். எனவே தேசியப் போட்டிகளில் வட்டாரக் கிளப்புகளுக்கு ஒரு பட்டியல், உள்ளூர்க் கிளப்புகளுக்கு ஒரு பட்டியல் என்று புள்ளிகளைப் பிரித்துப் போடுகிறார்கள். பெரிய கிளப்புக்குள் இருக்கும் பயிற்சிக் குழுக்களுக்கும் தனிப் பெயர், தனி அடையாளம் உண்டு. அங்கும் சர்ச்சை ஓய்ந்துவிடவில்லை. ஆனால் யாரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தித் தீர்வு தேடவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கிய மாஸ்டர்ஸ் அமைப்பு இன்னும் ஒரு படி போயிருக்கிறது. போட்டி நாளில் வேகமாக நீந்துவது மட்டுமல்லாமல், ஆண்டு முழுவதும் தங்கள் குளத்திலேயே நீண்ட தூரங்களை நீந்தி முடிக்கிற உறுப்பினர்களும் தங்கள் கிளப்புக்குப் புள்ளி சேர்க்கலாம். மெதுவாக நீந்துகிறவரும் அங்கே அணிக்கு வேண்டியவர். நம் போட்டியில் அப்படி ஒன்றை இப்போதே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. அணியை அளக்கப் பல வழிகள் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் தரப்பு அச்சம் எனக்குப் புரிகிறது. விதி தளர்ந்தால் போட்டிக்கு முந்தைய இரவு யாரோ ஒருவர் நான்கு வேகமான ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து ஒரு பெயரைச் சூட்டிவிடுவார் என்கிறீர்கள். நியாயமான அச்சம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்ததையும், அதனால் நீங்கள் பட்ட தொல்லையையும் நான் அறிவேன். ஆனால் புதிய விதி அதைத் தடுக்கவில்லையே! பணம் கட்டி அட்டை வாங்க முடிந்தவர்களுக்கு அதே வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அடைபட்டது பொதுக் குளத்தின் வாசல் மட்டும். அந்த வாசல் வழியாக வருகிறவர்கள் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கிளப்பின் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்ட இயலாத ஆசிரியைகள், பட்டறைக்காரர்கள், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் நேரத்துக்கு ஓடி வருகிற அம்மாக்கள். மாஸ்டர்ஸ் நீச்சல் யாரை உத்தேசித்துத் தொடங்கப்பட்டதோ அவர்கள்தான் இவர்கள்.

போட்டியை நடத்துவது எளிதல்ல என்பதும் தெரியும். நேரம் எடுக்க ஆள் தேடுவதிலிருந்து ஆம்புலன்ஸ் நிறுத்துவது வரை நீங்கள் ஊதியமில்லாமல் செய்கிறீர்கள். எங்கள் பேட்ச்காரர்கள் ஆண்டுதோறும் லேன் கயிறு கட்டவும் நேரம் குறிக்கவும் வந்து நின்றிருக்கிறார்கள். ரிலே மறுக்கப்பட்ட இந்த ஆண்டும் வந்தார்கள். அந்த உரிமையோடு கேட்கிறேன்.

சொந்தக் குளம் அல்லது ஒப்பந்தச் சான்று என்ற நிபந்தனையை அடுத்த விதிமுறைத் தாளிலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக, சேர்ந்து பயிற்சி செய்கிறவர்கள் தங்கள் பெயர்ப் பட்டியலைப் போட்டிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உங்களிடம் கொடுக்கட்டும். வருகைப் பதிவேட்டையோ மாதக் கட்டண ரசீதையோ குளத்துப் பொறுப்பாளரின் கையெழுத்தையோ ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் ஓர் ஆண்டில் ஓர் அணிக்கு மட்டுமே நீந்தலாம் என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். முந்தைய இரவு ஆள் திரட்டுவதை இந்த இரண்டுமே தடுத்துவிடும். இதே பட்டியல், இதே ஆதாரம் பெரிய கிளப்புகளிடமும் கேட்கப்பட வேண்டும்.

அணிக் கோப்பையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரே குளத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒன்று, பல ஊர்களிலிருந்து சேர்கிற கூட்டணிகளுக்கு ஒன்று. இரண்டாவது கோப்பைக்குச் செலவு ஆகும் என்றால் அதை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். எந்தக் குழுவிலும் சேராமல் உண்மையிலேயே தனியாகப் பயிற்சி செய்து வருகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள்; அன்றே நால்வராகச் சேர்ந்து, புள்ளி இல்லாமல், நேரம் மட்டும் குறிக்கப்பட்டு ரிலே நீந்த அவர்களுக்கு ஒரு தனிச் சுற்று ஒதுக்குங்கள்.

விதிகளை வகுக்கிற துணைக் குழுவில் பொதுக் குளங்களில் நீந்துகிறவர்கள் சார்பாக இருவரைச் சேருங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எங்கள் முறையீட்டுக்கான பதிலை, அது மறுப்பாகவே இருந்தாலும் காரணத்தோடு, அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவம் வெளியாகும் முன் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாநகராட்சிக் குளத்தின் காலை பேட்ச் நீச்சல்காரர்கள் சார்பில்,
உங்கள் போட்டியில் ஆண்டுதோறும் நீந்திவரும் ஒருவன்